விதை கொண்ட மஞ்சள் மலர்

அரபு மொழியில் 'ஸஹ்ரத்துர் ரபீஃ' என்றொரு மலர்ப்பெயர் வழங்குகிறது. வசந்தத்தின் பூ என்பது அதன் பொருள். நம் பிறைக்கணக்கில் மூன்றாவது மாதத்தை ரபீஉல் அவ்வல் என்கிறோம் அன்றோ! அந்த 'ரபீஃ'தான் இந்தப் பூவின் பெயரிலும் அமைந்திருக்கிறது. ஐரோப்பியர் இச்செடியினத்தை ப்ரிமுலா என்று அழைக்கின்றனர். லத்தீன் மொழியில் 'முதல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. குளிர்காலம் விடைபெறும் வேளையில் முதன்முதலாக முகம் காட்டும் பூ என்பதால் அவ்வாறு பெயர் பெற்றது. உலகில் இவ்வினத்தில் 400க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இமயமலைத் தொடரிலும் அதனை ஒட்டிய சீன மலைகளிலும் வளர்பவை.

ஆனால் ஒரு வகை எந்த மலையிலும் பிறக்கவில்லை. ஒரு கண்ணாடி வீட்டுக்குள் பிறந்தது. மஞ்சள் நிறமும் இனிய மணமும் கொண்ட அந்த மலரின் பெயர் ப்ரிமுலா கியூவென்சிஸ். அதன் தந்தை யமன் நாட்டைச் சேர்ந்தது; தாய் நம் இமயமலையைச் சேர்ந்தது. அரபு மண்ணும் இந்திய மண்ணும் சேர்ந்து ஈன்ற அந்தச் செடியின் வரலாறு தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அறியப்பட வேண்டிய ஒன்று என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தாம்பரத்தில் தாவரவியல் பயிலும் மாணவி ஒருத்தி, ஒருநாள் தன் அத்தாவுடன் என்னிடம் வந்தாள். சிறுவயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவள். "ஹஜ்ரத், எங்கள் பாடத்தில் ஒரு பூவைப்பற்றி வருகிறது. யமன் நாட்டுப் பூ என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு அரபியில் என்ன பெயர்?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னேன். பிறகு அவள் தன் பாடப்புத்தகத்தைத் திறந்து அந்தச் செடியின் கதையைச் சொன்னாள். நான் கொடுத்தது ஒரு சொல். அவளிடம் பெற்றுக்கொண்டதோ பல நாள் சிந்தனை. அவள் சொன்னதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் கோத்துச் சொல்கிறேன்.

முதலில் தந்தையின் ஊருக்குச் செல்வோம். யமன் நாட்டு மலைகளில் நீர் கசியும் பாறைகளின் மேல், நிழலான இடங்களில் ஒரு ப்ரிமுலா வளர்கிறது. அதன் தண்டில் பூக்கள் வட்டம் வட்டமாக, அடுக்கின்மேல் அடுக்காக அமைந்திருக்கும். இலைகளின்மேல் மாவு தூவியது போன்ற வெண்பொடி படிந்திருக்கும். இச்செடியை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் பேத்தர் ஃபோர்ஸ்கால் என்னும் அறிஞர். டென்மார்க் அரசர் 1761இல் அரபு நாடுகளுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் அவர் இடம்பெற்றிருந்தார். அரபு மொழியைக் கற்றுக்கொண்டு, யமன் நாட்டுக் குடியானவர்களிடம் செடிகளின் பெயர்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்தார். 1763 ஜூலையில் யரீம் என்னும் ஊரில் காய்ச்சல் கண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 31. அக்குழுவில் உயிருடன் நாடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. நண்பர் எழுதிவைத்த ஏடுகளைக் காப்பாற்றி, 1775இல் கோபன்ஹேகனில் நூலாக வெளியிட்டார் நீபூர். அந்த நூலில்தான் இந்த யமன் ப்ரிமுலாவுக்கு 'வெர்ட்டிசில்லாட்டா' என்ற பெயர் சூட்டப்பட்டது. 'வட்டமாக அடுக்கிய' என்பது அதன் பொருள்.

இனித் தாயின் ஊர். மேற்கு இமயமலையில் குமாவூன், கட்வால் பகுதிகளில், நிழலும் ஈரமும் நிறைந்த பாறை இடுக்குகளில் மற்றொரு ப்ரிமுலா வளர்கிறது. சிறிய செடி, ஆனால் கொத்துக் கொத்தாக மஞ்சள் பூக்களைச் சொரியும். ஆகவே அதற்குப் 'பூ மிகுந்தது' என்று பொருள்படும் 'ஃப்ளோரிபண்டா' என்னும் பெயர். யமனுக்கும் குமாவூனுக்கும் இடையே பாலைகளும் கடலும் மலைகளும் கிடக்கின்றன. காற்றோ வண்டோ கடக்க இயலாத தொலைவு அது. எனினும் இரண்டும் விரும்புவது ஒரே வகையான வாழ்விடத்தைத்தான். நீர் கசியும் பாறையும் நிழலும் இரண்டுக்கும் வேண்டும்.

இவ்விரண்டும் சந்தித்த இடம் லண்டனை அடுத்த கியூ அரச தாவரத் தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், அங்குள்ள கண்ணாடி வீட்டில் இமயச் செடியின் நாற்றுகளுக்கிடையே ஒரே ஒரு நாற்று மட்டும் வேறுபட்டு நிற்பதைத் தோட்டத்தார் கண்டனர். அருகில் இருந்த யமன் செடியின் மகரந்தம் தற்செயலாக இமயச் செடியின் பூவில் விழுந்திருக்கிறது. பிறகு அதே கலப்பைக் கையால் செய்து பார்த்தபோதும் அதே வகைச் செடி கிடைத்தது. 1900இல் கியூ தோட்டத்தின் பெயராலேயே அதற்குக் கியூவென்சிஸ் என்று பெயரிட்டனர்.

கையால் மகரந்தம் சேர்க்கும் கலை அரபு மக்களுக்குப் புதியதன்று. பெண் பேரீச்சையின் பாளையில் ஆண் பாளையைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் மதீனாவில் நெடுங்காலமாக இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கண்டு, அதனால் பயன் இருக்குமென்று தமக்குத் தோன்றவில்லை என்றார்கள். மக்கள் அதை விட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குறைந்தது. அதை அறிந்ததும் அண்ணலார், உலகத் தொழில்களின் விவரத்தை அத்தொழில் செய்வோரே நன்கறிவர் என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தி மதரஸாக்களில் ஓதப்படுவதே. செடியைப்பற்றிய கல்வியை மார்க்கத்துக்குப் புறம்பானதாக எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

கியூவில் பிறந்த செடி பெற்றோர் இருவரின் அழகையும் பெற்றிருந்தது. தந்தையைப்போல் அடுக்கடுக்கான பூவட்டங்கள். தாயைப்போல் நிறைய மலரும் தன்மை. உயரம் ஏறத்தாழ ஓரடி. பூவோ தூய மஞ்சள்; கண்ணாடி வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை எட்டும் இனிய மணம். ஆனால் ஒரு குறை இருந்தது. எத்தனை பூத்தாலும் அது ஒரு விதையும் தரவில்லை.

விதையில்லாச் செடியை எப்படிக் காப்பாற்றினர்? தாய்ச்செடியின் அடியில் கிளைக்கும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டனர். அதாவது, ஒரே செடியைத்தான் மீண்டும் மீண்டும் துண்டாக்கி வளர்த்தனர். தோட்டக்காரனின் கை இருக்கும்வரை அது வாழும். கை நின்றால் அதன் கதையும் முடியும்.

இந்தச் செடியை வளர்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இதற்கு வேண்டியது குளிர்ந்த கண்ணாடி வீடு. குளிர்காலத்து இரவில் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக்கூடாது. பனி உறைந்தால் செடி தாங்காது. பகலில் 10 முதல் 13 டிகிரி வரை போதும். வெக்கையையும் அது தாங்காது. இலைமக்கும் மணலும் கலந்த பொலபொலப்பான மண் வேண்டும். இன்று நாம் காணும் செடிக்கு விதை உண்டு. அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். விதை பொடி போன்று மிக நுண்ணியது. அதை மண்ணின்மேல் தூவி மெல்ல அழுத்த வேண்டும். மண்போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் நன்கு முளைக்கும். முளைத்த நாற்றுகளைச் சிறு தொட்டிகளுக்கு மாற்றி, வேர் நிறைந்தபின் 5 அங்குலத் தொட்டியில் நடவேண்டும். நடும்போது செடியின் குருத்து மண்ணுக்குள் புதையலாகாது. கோடையில் நிழலில் வைத்து, ஈரம் வற்றாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரை இலைமீது ஊற்றாமல் அடியில் விடவேண்டும். இல்லையேல் இலையின் வெண்பொடி கழுவுண்டு போகும். இவ்வாறு ஏறத்தாழ ஓராண்டு பேணினால், குளிர்காலத்தின் பிற்பகுதியில் தண்டு எழும்பி, வசந்தம் முடியும்வரை பூக்கும்.

எங்கள் திருமுடிவாக்கத்தில் இதை வளர்க்க முடியுமா என்று அந்த மாணவியிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். நீர் கசியும் பாறைக்கு எங்கள் பக்கத்தில் குறைவில்லை. அருகிலுள்ள சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் நிற்கும் நீரை 2017ஆம் ஆண்டு வறட்சியில் சென்னை நகரத்தின் குடிநீருக்கே எடுத்தார்கள். ஆனால் மார்கழி இரவிலும் இங்கே வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. சித்திரை, வைகாசியிலோ 40ஐத் தொடும். நாங்கள் கண்ணாடி வீடு கட்டினால் அது குளிர் இல்லமாகாது, அடுப்பாகும். உதகமண்டலம் போன்ற மலையூரில் முயல்வோர் முயலலாம். சமவெளியில் வாழும் நமக்கு அந்தப் பூவின் மணம் கிட்டாது. அதன் வரலாறு கிட்டும்.

அந்த வரலாற்றின் முக்கியமான பகுதி 1905இல் நடந்தது. இங்கிலாந்தின் வீட்ச் நாற்றுப்பண்ணையில் வளர்ந்த கியூவென்சிஸ் செடியொன்று திடீரென விதை கொண்டது. அந்த விதையிலிருந்து வந்த செடிகளும் பூத்தன. அவையும் விதை தந்தன. மலடாயிருந்த செடி வம்சம் உடையதாயிற்று. பிற்காலத்தில் வேறு இரு முறையும் இவ்வாறே நிகழ்ந்தது. காரணம் என்னவென்று அறிஞர் ஆராய்ந்தனர். லெட்டிஸ் டிக்பி என்னும் பெண்மணி 1912இல் செடியின் உயிரணுக்களை நுண்பெருக்கியில் பார்த்துக் குரோமோசோம்களை எண்ணினார். 1917இல் விங்கே என்னும் டென்மார்க் அறிஞர் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு ஒரு விளக்கம் கூறினார். நியூட்டன், பெல்லூ என்னும் இருவர் 1929இல் இச்செடியின் விவரங்களை விரிவாக வெளியிட்டனர்.

அவர்கள் கண்டதை எளிமையாகச் சொல்கிறேன். குரோமோசோம் என்பது பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்குக் கொண்டுசேர்க்கும் நுண்ணிய இழை. யமன் செடியிடம் 18 இழைகள், அதாவது 9 இணைகள். இமயச் செடியிடமும் அவ்வாறே 9 இணைகள். பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோரும் தம்மிடமுள்ளதில் பாதியையே தருவர். ஆகவே கியூவென்சிஸுக்கு யமனிலிருந்து 9, இமயத்திலிருந்து 9, ஆக 18 இழைகள் கிடைத்தன. எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த ஒன்பதும் இந்த ஒன்பதும் ஒன்றுக்கொன்று உண்மையான இணைகள் அல்ல. வெளிப்பார்வைக்குச் சேர்ந்து நின்றாலும், மகரந்தமும் சூலும் உருவாகும் வேளையில் பங்கீடு சரியாக அமையவில்லை. எனவே விதை இல்லை.

1905இல் என்ன நடந்தது? செடியின் ஒரு பகுதியில் இழைகள் இரட்டித்தன. 18 என்பது 36 ஆயிற்று. இப்போது யமனின் ஒன்பது இழைகளுக்கும் அவற்றைப் போன்றே இன்னும் ஒன்பது துணையாக நின்றன. இமயத்தின் ஒன்பதுக்கும் அவ்வாறே. அரபுப் பங்கு தன்னளவில் முழுமை பெற்றது. இந்தியப் பங்கும் தன்னளவில் முழுமை பெற்றது. இரண்டு முழுமைகள் ஒரே செடியில் குடியிருந்தன. செடி விதை கொண்டது.

இந்த இடத்தில் அந்த மாணவி புத்தகத்தை மூடிவிட்டாள். தேர்வுக்கு அவ்வளவு போதும். எனக்கோ அங்கிருந்துதான் சிந்தனை தொடங்கியது.

தமிழ் முஸ்லிம்கள் என்றாலே அரபுத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த மரபு என்று சிலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. காயலிலும் கீழக்கரையிலும் அத்தகைய குடும்பங்கள் உண்டு. நம் கடற்கரை ஊர்களில் வழங்கும் ஷாஃபிஈ மத்ஹபு யமன் கரையிலும் வழங்குவது பழைய உறவுக்குச் சான்று. ஆயினும் நம்மில் மிகப் பலர் இந்த மண்ணிலேயே பிறந்து, இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட முன்னோரின் வழிவந்தவர். குருதியால் அரபியர் அல்லராயினும், கல்வியால் நம் அனைவர்க்கும் இரண்டு உறவுகள் உண்டு. அரபு நம் வழிபாட்டின் மொழி. தமிழ் நம் உள்ளத்தின் மொழி. திருமறையின் 30ஆம் அத்தியாயமாகிய அர்ரூம், மனிதரின் மொழிகள் வேறுபட்டிருப்பதையும் நிறங்கள் வேறுபட்டிருப்பதையும் இறைவனின் அத்தாட்சிகளுள் எண்ணுகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் துறக்குமாறு நமக்கு யாரும் கட்டளையிடவில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். அரபு எழுத்தில் தமிழை எழுத அவர்கள் முற்பட்டபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. தமிழின் பகரம், டகரம், ணகரம், ளகரம், ழகரம் முதலியவற்றுக்கு அரபியில் எழுத்தில்லை. அவர்கள் அந்த ஒலிகளைக் கைவிட்டிருக்கலாம், எழுதுவது எளிதாகியிருக்கும். ஆனால் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. அரபு எழுத்துகளோடு புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்தனர். அரபியின் ஐனும் ளாதும் அப்படியே நின்றன; தமிழின் ழகரமும் அப்படியே நின்றது. அதுவே அரபுத்தமிழ். இருமொழியும் முழுமையாக நின்ற காரணத்தால் அது விதை கொண்டது. சட்ட நூல்கள், வாழ்வு நெறி நூல்கள், பெண்கள் வீட்டிலிருந்தே ஓதி உணரும் மாலைகள் எனப் பலவும் அதில் விளைந்தன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றினார். அவருடைய அரபியைக் கற்றோர் மதித்தனர். அவருடைய தமிழைப் பெண்டிரும் பிள்ளைகளும் உணர்ந்தனர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முற்பட்டபோது, அரபு மூலச் செய்திகளை அறியச் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் வழியே உதவி பெற்றார் என்பது நம் இலக்கிய மரபு. சென்ற நூற்றாண்டில் அப்துல் ஹமீது பாக்கவி அவர்கள் திருமறை முழுவதையும் தமிழில் பெயர்த்தளித்தார்கள். அரபியில் பாதியும் தமிழில் பாதியும் கற்ற ஒருவரால் ஆகக்கூடிய செயலா அது?

இன்று நம் பிள்ளைகளைப் பார்ப்போம். எங்கள் ஊர் பழைய ஏரிக்கரைக் கிராமம். தொழிற்பேட்டை வந்தபின் பல மாவட்டத்தாரும் குடியேறிய ஊராகிவிட்டது. பிள்ளைகள் காலை முதல் மாலைவரை ஆங்கிலப் பள்ளியில் இருக்கின்றனர். அதன்பின் தனிப்பயிற்சி. மஃரிபுக்குப் பின்னர் ஒரு மணி நேரம் குர்ஆன் மதரஸா. அரபு எழுத்தை அழகாக ஓதுகின்றனர், பொருள் அறியார். ஓதுவது வீண் என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கு எழுத்து நன்மையுண்டு என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. தமிழைச் சரளமாகப் பேசுகின்றனர். ஆனால் ஒரு பக்கம் தமிழ் படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டித் திணறுகின்றனர். பூ இருக்கிறது, மணமும் இருக்கிறது. அடுத்த தலைமுறைக்குத் தாமாகவே கொடுக்கத்தக்க விதை இருக்கிறதா என்பதே என் கவலை. உஸ்தாதின் கை நின்ற மறுநாளே நின்றுபோகும் கல்வி, பக்கக் கன்று பிரித்து வாழவைக்கும் செடியைப் போன்றதே.

ஓராண்டுக்கு முன் இதைப்பற்றிப் பெற்றோரோடு அமர்ந்து பேசினோம். "ஹஜ்ரத், தமிழ்தான் வீட்டிலேயே பேசுகிறார்களே! அதற்கு மதரஸாவில் எதற்கு நேரம்? ஓதக் கொடுங்கள், போதும்" என்றார் ஒருவர். மற்றொருவர், "இருக்கிற ஒரு மணியில் அரை மணி அரபி, அரை மணி தமிழ் என்று பிரித்துவிடுங்கள்" என்றார். இரண்டாமவர் சொன்னது நியாயமாகவே பலருக்கும் தோன்றியது. செலவில்லை, சிரமமில்லை, இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் என் மனத்தில் அந்த ஒன்பதும் ஒன்பதும் வந்து நின்றன. கூட்டினால் கணக்குச் சரியாக வரும்; விளைவு வராது. அரை மணியில் ஓதலும் முற்றுப்பெறாது, தமிழும் வேர்பிடிக்காது.

"பாதியாக்க வேண்டாம், இரட்டிப்பாக்குவோம்" என்றேன். மஃரிபுக்குப் பிந்திய ஒரு மணி நேரம் முழுவதும் அரபிக்கே இருக்கட்டும். ஓதுவதோடு, ஓதும் சிறு சூராக்களின் சொற்பொருளும் அதில் சேரட்டும். தமிழுக்குச் சனி, ஞாயிறு காலைகளில் ஃபஜ்ருக்குப்பின் தனியே ஒரு மணி நேரம் இருக்கட்டும். எழுத்து, வாசிப்பு, நம் புலவர்களின் வரலாறு ஆகியவற்றை அங்கே கற்கட்டும். விடுமுறைக் காலையின் தூக்கத்தைக் கெடுப்பதா என்று முணுமுணுப்பு எழுந்தது. முதல் வாரம் நான்கே பிள்ளைகள் வந்தனர். நான்கு பிள்ளைகளுக்குப் பாடம் நடந்தது. பின்னர் மெல்ல மெல்லக் கூடினர். இன்றும் எல்லாரும் வருவதில்லை. வருவோரில் சிலர் பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. குளிர் இல்லத்துச் செடிக்கே ஓராண்டுப் பேணுதல் தேவையென்றால், பிள்ளைகளுக்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும்!

செடி வேறு, மனிதன் வேறு என்பதை நான் அறிவேன். செடிக்குள் இழைகள் இரட்டித்தது எவருடைய முயற்சியாலும் அன்று, இறைவன் நாடியது. நம் பிள்ளைகளின் கல்வி அப்படித் தானே இரட்டிக்காது. அதற்குப் பெற்றோர் நேரம் ஒதுக்க வேண்டும். ஆசிரியர் உழைக்க வேண்டும். ஜமாஅத்துகள் விளக்கும் பலகையும் தரவேண்டும். உவமையின் எல்லை அவ்வளவே.

சில மாதங்களுக்கு முன்னர், ஞாயிறு வகுப்புக்கு வரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தன் பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு பழைய கிதாபைக் கொண்டுவந்தான். அட்டை போய், ஓரங்கள் உதிர்ந்த நிலையில் இருந்தது. "அரபிக் கிதாபு ஹஜ்ரத், ஓதிப் பார்க்கட்டுமா?" என்றான். ஓதச் சொன்னேன். முதல் வரியை எழுத்துக்கூட்டி ஓதியவன் சட்டென்று நின்றான். மீண்டும் ஓதினான். "ஹஜ்ரத், இது தமிழ்!" என்றான். புள்ளி கூடிய அந்த எழுத்து ழகரம் என்று காட்டிக்கொடுத்தேன். பிறகு அவன் நிற்கவில்லை. ஒளுச் செய்யும் முறையைக் கூறும் பக்கம் அது. முழுவதையும் ஓதி, ஓதியதன் பொருளையும் தானே சொன்னான். அவனுக்கு அரபு எழுத்து மட்டும் தெரிந்திருந்தால் அது விளங்காத ஒலியாக நின்றிருக்கும். தமிழ் மட்டும் தெரிந்திருந்தால் அந்த ஏட்டைத் திறக்கவே முடிந்திராது. பாட்டிக்கு இப்போது கண் தெரியவில்லையாம். அன்று மாலை அவளுக்கு அவன் ஓதிக் காட்டியதாக அவனுடைய தாயார் சொல்லியனுப்பினார்.

இதை வாசிக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! உங்கள் வீட்டு மரப்பெட்டியிலோ பரணிலோ அப்படியொரு கிதாபு இருக்கக்கூடும். தூசியைத் தட்டிப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். அவர்களால் அதை ஓத முடிகிறதா, ஓதியது விளங்குகிறதா என்று பாருங்கள். முடியவில்லையெனில் வருந்த வேண்டாம். அரபிக்கும் தமிழுக்கும் முழு முழு நேரமாக ஒதுக்கி இன்றே தொடங்குங்கள். வளரச் செய்பவன் அல்லாஹ்.